குளம்பும் சொத்தைப் பழமும்: இலவசமாகக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃது.

கண்ணியமிக்க அல்லாஹ்வின் நல்லடியார்களே! அல்லாஹ்வைப் பயந்து வாழும்படி முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

இப்போது நம் பகுதியில் பல தெருக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. வீட்டில் தேவையில்லாமல் கிடக்கும் பொருளைப் படம் எடுத்துப் போட்டு, "வேண்டுபவர் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்" என்று எழுதுகிறார்கள். என்னவெல்லாம் வருகிறது என்று பார்த்தால் சில நேரம் சிரிப்பு வரும். மீன் இல்லாத மீன் தொட்டி, பாதி தீர்ந்த டயப்பர் பாக்கெட், ஒற்றை ஊன்றுகோல், போத்தாக வெட்டிய முருங்கைக் கிளை, மூடி இல்லாத குக்கர், குக்கர் இல்லாத மூடி, கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைக் கவர்கள், ஒரு சேவல். அந்தச் சேவலுக்குக் கீழே, "விடியலுக்கு முன்னாடியே கூவுது, தாங்க முடியல" என்று காரணமும் எழுதியிருந்தது.

சிலர் என்னிடம் கேட்டார்கள்: "அஜரத், இதெல்லாம் ஸதக்காவில் சேருமா? இப்படிக் கண்டதையும் கொடுக்கலாமா?" இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மார்க்கம் இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டுகிறது. குறைவானது வேறு, கெட்டது வேறு. குறைவானதைக் கொடுக்க வெட்கப்படாதே. கெட்டதைக் கொடுக்க வெட்கப்படு. இன்றைய உரை இது பற்றித்தான்.

அற்பப் பொருளை அற்பமாக நினைக்காதீர்கள்

முதலில் குறைவானதைப் பற்றிப் பார்ப்போம். அல்மாஊன் அத்தியாயம் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். தொழுகையில் பராமுகமாக இருப்பவர்களைக் கண்டித்த அல்லாஹ், அதே மூச்சில் மாஊனைத் தடுப்பவர்களையும் கண்டிக்கிறான். மாஊன் என்றால் என்ன? நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வாளியையும் சமையல் பாத்திரத்தையும் இரவல் கொடுப்பதையே நாங்கள் மாஊன் என்று கருதினோம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்குகிறார்கள் (அபூதாவூத் 1657). பெரிய தர்மம் எதுவும் இல்லை, வெறும் வாளியும் சட்டியும்தான். பக்கத்து வீட்டுக்குப் புழங்கக் கொடுக்கும் அந்தச் சின்னப் பொருளைத் தடுப்பதை, தொழுகையில் பொடுபோக்காக இருப்பதோடு சேர்த்துச் சொல்கிறான் என்றால், அல்லாஹ்விடம் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் பெண்களை அழைத்துச் சொன்ன ஒரு நபிமொழி புகாரியில் (2566) இருக்கிறது. ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதை அற்பமாக நினைக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. அதில் வரும் 'ஃபிர்ஸின்' என்ற சொல் அதிகம் கறி இல்லாத குளம்புப் பகுதியைக் குறிக்கும். இந்த நபிமொழி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொருந்தும் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். இதைப் போய்க் கொடுப்பதா என்று கொடுப்பவரும் கூச வேண்டாம். இதைப் போய்க் கொடுத்தாரே என்று வாங்குபவரும் முகம் சுளிக்க வேண்டாம்.

இன்னொரு சம்பவம். மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதக்காவாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அந்த வழியாகச் சென்ற நபி (ஸல்) அவர்கள், இதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இது செத்த ஆடாயிற்றே என்றார்கள் தோழர்கள். சாப்பிடுவதுதான் ஹராம் என்று பதில் சொன்னார்கள் (புகாரி 1492). எல்லோரும் கழிவாகப் பார்த்த இடத்தில் நபியவர்கள் பயனைப் பார்த்தார்கள். தோலைப் பதப்படுத்தினால் அதுவும் ஒரு வீட்டுக்கு ஆகும்.

அந்த ஒற்றை ஊன்றுகோலைப் பார்த்து நாம் சிரித்தோம். கால் முறிந்து கட்டுப் போட்ட ஒருவருக்கு, கட்டுப் பிரித்த பிறகு சில வாரங்களுக்கு ஒற்றை ஊன்றுகோல்தான் தேவை. பாதி டயப்பர் பாக்கெட் யாருக்கு ஆகும்? படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், விலையைச் சொல்வார்கள். முருங்கைப் போத்தை நட்டுவைத்தால் மரமாகிவிடும். ஒருவர் கண்ணுக்கு விநோதமாகத் தெரிவது இன்னொருவர் தேடிக்கொண்டிருந்த பொருளாக இருக்கும். ஆகவே பொருள் சிறியதாக, பழையதாக, விநோதமாக இருப்பதில் தவறில்லை.

மஸ்ஜிதுந் நபவியில் கட்டிய கயிறு

அப்படியென்றால் எதையும் கொடுக்கலாமா? கூடாது. இதற்கு மதீனாவிலிருந்தே ஆதாரம் இருக்கிறது.

வேண்டுபவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பொது இடத்தில் பொருளை வைப்பது நம் காலத்தில் வந்த புது யோசனை என்று நினைக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே அது இருந்தது. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்ஸாரிகள் பேரீச்சந் தோட்டக்காரர்கள். அறுவடைக் காலத்தில் ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதற்குத் தக்கபடி ஒரு குலையோ இரண்டு குலையோ கொண்டு வந்து பள்ளியில் தொங்க விடுவார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் தொங்கவிட்டதாக இப்னு மாஜாவின் அறிவிப்பில் (1822) வருகிறது. திண்ணைத் தோழர்களான அஹ்லுஸ் ஸுஃப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு வழி கிடையாது. பசித்தவர் வந்து கைத்தடியால் குலையைத் தட்டுவார். செங்காயும் பழமும் உதிரும், பொறுக்கிச் சாப்பிடுவார். யார் வைத்தது என்று அவர் கேட்க வேண்டியதில்லை, யார் எடுத்தார் என்று வைத்தவரும் பார்ப்பதில்லை.

நன்மையில் அவ்வளவாக நாட்டம் இல்லாத சிலர் அங்கேயும் இருந்தார்கள். கொட்டை பிடிக்காத காய், காய்ந்துபோன சொத்தைப் பழம், ஒடிந்த குலை இவற்றைக் கொண்டு வந்து அதே கயிற்றில் மாட்டினார்கள். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் இறங்கியது. நீங்கள் சம்பாதித்ததில் நல்லதைக் கொடுங்கள். மட்டமானதைத் தேடி எடுத்துக் கொடுக்க நாடாதீர்கள். அதையே உங்களுக்கு ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டே தவிர வாங்க மாட்டீர்களே என்ற கருத்தில் அல்லாஹ் கண்டித்தான்.

இந்த வசனத்துக்குப் பராஉ (ரலி) அவர்கள் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள். உங்களில் ஒருவருக்கு அதுபோன்ற பொருளே அன்பளிப்பாக வந்தால், கண்டும் காணாமலும் வெட்கத்துக்காகவும்தானே வாங்குவார் என்கிறார்கள். பிறகு, அதற்கப்புறம் எங்களில் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதில் நல்லதையே கொண்டு வந்தோம் என்று முடிக்கிறார்கள் (திர்மிதீ 2987).

இன்னொரு நாள் நபி (ஸல்) அவர்கள் கையில் தடியோடு பள்ளிக்குள் வந்தார்கள். ஒரு சொத்தைக் குலை தொங்குவதைப் பார்த்து அதைத் தடியால் குத்தினார்கள். இதைக் கொடுத்தவர் நாடியிருந்தால் இதைவிட நல்லதைக் கொடுத்திருக்கலாம் என்றார்கள். இந்த தர்மத்துக்குரியவர் மறுமையில் சொத்தைப் பழத்தையே சாப்பிடுவார் என்றும் எச்சரித்தார்கள் (அபூதாவூத் 1608).

குளம்பைக் கொடுக்கச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான், சொத்தைக் குலையைக் குத்தியதும் அவர்கள்தான். குளம்பில் கறி குறைவு, ஆனால் வேக வைத்தால் ஒரு சட்டி சூப்பு கிடைக்கும். சொத்தைப் பழம் பார்க்க ஒரு குலை நிறைய இருக்கும், வாயில் வைக்க முடியாது. முன்னது குறைவானது, பின்னது கெட்டது.

அந்தக் கயிறு இன்று எங்கே தொங்குகிறது?

2015-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஈரானின் மஷ்ஹத் நகரில் ஒருவர் ஒரு சுவரில் கொக்கிகளை அடித்து, தேவையில்லாத உடைகளை மாட்டலாம், தேவைப்படுபவர் எடுக்கலாம் என்று எழுதி வைத்தார். 'அன்புச் சுவர்' என்று அது பல ஊர்களுக்குப் பரவி, பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. நம் தமிழகத்தில் நெல்லையில் மாவட்ட நிர்வாகமே 'அன்புச் சுவர்' அமைத்தது. சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் டாக்டர் ஈஸா ஃபாத்திமா ஜாஸ்மின் என்ற பல் மருத்துவச் சகோதரி, 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் பொதுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வைத்தார். பக்கத்திலேயே துணி, புத்தகம், செருப்பு, விளையாட்டுச் சாமான்களுக்கு ஓர் அலமாரி. மேற்கு நாடுகளில் 2003-இல் அமெரிக்காவின் டூசான் நகரில் 'ஃப்ரீசைக்கிள்' என்று ஒரு குழு தொடங்கி, இன்று உலகம் முழுவதும் அதன் கிளைகள் இருக்கின்றன. நம் தெருவின் வாட்ஸ்அப் குரூப் வரை எல்லாமே அந்தக் கயிற்றின் நீட்சிதான். அல்ஹம்து லில்லாஹ், நல்ல காரியம்.

ஆனால் சொத்தைக் குலையும் கூடவே வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. பிள்ளையையும் படகையும் இழந்த மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. நாம் அதைப் பார்த்து, கஷ்டத்திலும் கௌரவம் பார்க்கிறார்கள் என்று பேசினோம். கிழிந்ததையும் அழுக்கையும் அனுப்பியது யார் என்று பேசவில்லை. டெல்லியில் அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, அந்தத் துணிகளைப் பிரித்துப் பயனுள்ளதாக மாற்றும் வேலையைச் செய்தது. அவர்கள் பழைய துணியைச் சும்மா வீசிவிட்டு வருவதில்லை. கிராம மக்கள் குளம் வெட்டுவது, பாதை போடுவது போன்ற ஊர்ப் பொதுவேலைகளைச் செய்ய, அதற்கு ஈடாகவே துணியைக் கொடுக்கிறார்கள். வாங்குபவர் தலை நிமிர்ந்து வாங்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2018 நவம்பர் 16, அன்று வெள்ளிக்கிழமை. விடிந்து பார்த்தால் கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன, எத்தனையோ ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லை. நிவாரணப் பொருட்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலையில் நானும் இருந்தேன். வெளியூர்களிலிருந்து நல்ல பாயும் போர்வையும் அரிசியும் வந்தன, கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் கூலி தருவானாக. ஓலைக்கூரை பறந்துபோன ஒரு பெரியவர் வந்து, மாற்றிக் கட்ட ஒரு கைலி மட்டும் கேட்டார். ஒரு பையைக் கொடுத்தேன். அதில் கிழிந்த ஜாக்கெட்டும், பொத்தான் இல்லாத பள்ளிக்கூடச் சட்டையும், ஒரு கால் செருப்பும் இருந்தன. அவர் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் மடித்து, பையில் திரும்ப வைத்து, "வேற யாருக்காச்சும் ஆகும் அஜரத்" என்று என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். அந்தப் பையை அனுப்பியவரை அன்றைக்கு நான் மனதுக்குள் நிறையத் திட்டினேன்.

என் வீட்டு மிக்ஸி

பிறகு நானே அந்த ஆளானேன். நான் சொல்லப் போவது என்னைப் பற்றியது. சம்பந்தப்பட்ட சகோதரியிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். அவர் யார் என்று யாரும் தேட வேண்டாம்.

வீட்டுக்குப் புது மிக்ஸி வாங்கினோம். பழையது ஓடும், ஆனால் கொஞ்ச நேரம் ஓடினால் சூடாகி வாடை வரும். குரூப்பில் படம் போட்டு, "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினேன். வாடை வருவதை எழுதவில்லை. சும்மாதானே கொடுக்கிறோம், ஓடுகிற வரை ஓடட்டும் என்று நினைத்தேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி வந்து துஆ செய்துவிட்டு வாங்கிப் போனார். எனக்கும் மனம் குளிர்ந்தது.

சில வாரம் கழித்து ஒரு ஃபேனைச் சரிசெய்ய மெக்கானிக் கடைக்குப் போனேன். அங்கே அலமாரியில் அந்த மிக்ஸி இருந்தது. என் மகன் ஒட்டிய ஸ்டிக்கரை வைத்து அடையாளம் தெரிந்தது. விசாரித்தேன். "ஒரு அம்மா கொண்டாந்துச்சு. மோட்டார் வைண்டிங் மாத்தணும்னு சொன்னேன். காசு சேத்துக்கிட்டு வர்றேன்னு வச்சுட்டுப் போயிருச்சு" என்றார்.

பணத்தைக் கட்டி, சரிசெய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "ஏம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அஜரத் வீட்டுல சும்மா குடுத்த பொருளுல போயி குறை சொல்லலாமா?" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு பராஉ (ரலி) அவர்களின் விளக்கம் நினைவுக்கு வந்தது. கண்டும் காணாமலும், வெட்கத்துக்காக வாங்குவது. அந்த ஆயத்தை அரபிக் கல்லூரியில் ஓதியிருக்கிறேன், எத்தனையோ முறை மிம்பரில் விளக்கியிருக்கிறேன். அந்தச் சகோதரி கண்ணை மூடிக்கொண்டு வாங்கும்படி செய்தவன் நானே என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அல்லாஹ்விடமும் கேட்கிறேன். விற்றிருந்தால் குறையைச் சொல்லியிருப்பேன். மேலே காய்ந்த தானியமும் உள்ளே நனைந்த தானியமுமாக விற்றவரைப் பார்த்து, ஏமாற்றுபவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நபிமொழி (முஸ்லிம் 102) எனக்குத் தெரியும். இலவசம் என்றதும் அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று நஃப்ஸ் சொன்னது. விலை இல்லை என்பதால் உண்மை சொல்லும் கடமை நீங்கிவிடாது.

கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை

ஒன்று: இதே நிலையில் இதே பொருளை யாராவது எனக்குக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் கொடுங்கள். இல்லை என்றால் காயலான் கடைக்கோ குப்பைக்கோ போகட்டும். வீட்டைச் சுத்தம் செய்வதும் நல்லதுதான், ஆனால் அதற்கு ஸதக்கா என்று பெயர் வைக்காதீர்கள்.

இரண்டு: குறை இருந்தால் எழுதிவிடுங்கள். 'சூடாகும்', 'ஒரு கால் ஆடும்', 'மூடி இல்லை' என்று எழுதினால், சரிசெய்யத் தெரிந்தவர் வந்து வாங்கிக்கொள்வார். குறையைச் சொல்லிவிட்டால் அது சொத்தைப் பழம் ஆகாது, குளம்பாகிவிடும்.

மூன்று: துவைத்து, துடைத்து, மடித்துக் கொடுங்கள். பொத்தான் போயிருந்தால் தைத்துக் கொடுங்கள். மீந்த மருந்து மாத்திரைகளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு எழுதியது இன்னொருவர் உயிருக்கு ஆபத்தாகலாம்.

நான்கு: வாங்கியவரின் படத்தைக் குரூப்பில் போடாதீர்கள். சொல்லிக்காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அதே அல்பகராவின் 264-ஆம் வசனம் எச்சரிக்கிறது. மஸ்ஜிதுந் நபவியில் குலையைத் தட்டிய கை யாருடையது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

ஐந்து: கொடுத்த பிறகு அதன் பின்னால் போகாதீர்கள். "நான் கொடுத்த கட்டிலை அவர் விற்றுவிட்டார்" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அது இப்போது அவருடைய பொருள். பரீரா (ரலி) அவர்களுக்கு ஸதக்காவாக வந்த இறைச்சியைப் பற்றி, அது அவருக்கு ஸதக்கா, நமக்கு அன்பளிப்பு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி 1495). கை மாறினால் சட்டமும் மாறுகிறது. உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் பாதையில் கொடுத்த குதிரையை, வாங்கியவர் சரியாகப் பராமரிக்கவில்லை. அதை விலைக்குத் திரும்ப வாங்க நினைத்தார்கள். ஒரு திர்ஹத்துக்குத் தந்தாலும் வாங்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்துவிட்டார்கள் (புகாரி 1490).

ஆறு: அண்டை வீடு என்றால் எல்லா வீடும்தான். அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூதப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் (திர்மிதீ 1943). நம் தெருவில் இந்துச் சகோதரர்களின் வீடுகள்தான் அதிகம். மஹல்லா குரூப்பில் மட்டும் போட்டுவிட்டுப் பக்கத்து வாசலை மறந்துவிடாதீர்கள்.

ஏழு: இப்படிக் கொடுக்கும் பழைய பொருளுக்கு நாமே ஒரு விலை போட்டு ஜகாத்தில் கழிக்க வேண்டாம். ஜகாத்துக்கு நிய்யத்தும், தகுதியானவரிடம் சேர்வதும், சரியான மதிப்பும் வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வைப்பது ஹதியாவாகவோ ஸதக்காவாகவோ இருக்கும். ஜகாத்தைத் தனியே கணக்குப் பாருங்கள்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

தேவைக்கு மட்டும் எடுங்கள். இலவசம் என்பதற்காக வீட்டில் அடுக்காதீர்கள். நம்மைவிடத் தேவையுள்ளவர் அதே செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்தச் செல்வம் பசுமையானது, இனிமையானது. பேராசையில்லாத மனதோடு எடுப்பவருக்கே அதில் பரக்கத் உண்டு என்ற கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசம் செய்தார்கள் (புகாரி 1472). வாங்கினால் 'ஜஸாகல்லாஹ்' சொல்லுங்கள். பொருள் உங்களுக்கு ஆகாது என்றால், ஆகாது என்று சொல்லவும் வெட்கப்படாதீர்கள். அந்தப் பெரியவர் பையைத் திருப்பிக் கொடுத்ததில் குற்றம் எதுவும் இல்லை.

அன்பிற்குரியவர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பரணையும் அலமாரியையும் திறந்து பாருங்கள். ஆறு மாதமாகத் தொடாத ஒரு பொருளை எடுங்கள். குளம்பா, சொத்தைப் பழமா என்று பாருங்கள். குளம்பு என்றால் துடைத்து, குறையைச் சொல்லி, இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். முன்பு கொடுத்ததில் யாருக்காவது சொத்தையைக் கொடுத்திருந்தால், அவர் வாசலுக்குப் போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள். அவராக வந்து சொல்ல மாட்டார்.

யா அல்லாஹ்! நாங்கள் கொடுத்த மட்டமானவற்றை மன்னிப்பாயாக! எங்களிடம் உள்ளதில் நல்லதைக் கொடுக்கும் மனதைத் தருவாயாக! வாங்குபவர் வெட்கத்தால் கண்ணை மூட வேண்டிய நிலைக்கு எங்கள் கைகள் காரணமாகாமல் பாதுகாப்பாயாக! எங்கள் அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்களை நலமாக்கி வைப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.